ஒரு நிமிடத்தில் எத்தனை ‘அவர்களே’

1

இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் மாநகரத்தின் மேயர் என்னிடம் நேரடியாகப் பேசினார். “மிக்க நன்றி ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்” என்றார். மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் செய்தியை ஏரியூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் என் நண்பன் மாதையனிடம் அன்றே ஃபோனில் சொல்லிவிட்டேன். அது நான் செய்த தவறு. மாதையனிடம் சொன்ன செய்தி பென்னாகரம் போய், டீ குடித்து, தருமபுரி பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் நன்றாக வளர்ந்துவிடும். இந்நேரம் என்னை நாலு போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனதாகவும், மேயர் கையெடுத்துக் கும்பிட்டு விடுவித்ததாகவும் ஊரில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்னைத் தூக்கவில்லை. தோளில் கை வைத்தார்கள், அவ்வளவுதான்.

நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கனடாவில் இருக்கிறது, பெரியது, குளிரும். நான் இன்னும் கொஞ்ச காலம் இங்கே தலைகாட்டி வாழ வேண்டியிருக்கிறது. என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று “பயப்படாதீர்கள், இதோ வந்துவிட்டேன்” என்று பேச்சுக் கொடுப்பதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். பழுது பார்ப்பதைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை.

2

என் மகள் கயல்விழிக்குப் பதினேழு வயது. பள்ளியில் அவளைக் ‘கேல்’ என்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறாள். நான் ‘கயல்விழி’ என்று முழுதாகக் கூப்பிட்டால், என்ன தப்புச் செய்தோம் என்ற முகத்தோடு திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் சங்கிலிக் குண்டு எறிகிறவள். ஊரில் எல்லோரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இரும்புக் குண்டு, அதில் ஒரு கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றி, சரியான இடத்தில் விட வேண்டும். தப்பான இடத்தில் விட்டால் குண்டு பக்கத்தில் நிற்கிறவரை நோக்கிப் போகும் என்பதால், சுற்றிலும் வலை கட்டிய உயரமான கூண்டுக்குள் நின்றுதான் எறிவார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அப்படி ஒரு கூண்டு உண்டு. அதன் படத்தை அனுப்பியபோது மாதையன் கேட்டான்: “என்னா மச்சான், கனடாவுக்குக் கூட்டிட்டுப் போயி புள்ளயக் கூண்டுல வுட்டு வெச்சிருக்க?”

என் மனைவி செல்விக்குத் தீர்த்தமலைப் பக்கம். மகள் பரதநாட்டியம் ஆடுவாள் என்று சலங்கையெல்லாம் வாங்கி வைத்திருந்தவள். கயல் முதல் தடவை குண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, “ஏங்க, எறியறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயா இந்தப் புள்ளைக்கு? ஒரு பந்து கிந்து?” என்றாள். கயல் மாகாணப் பள்ளிப் போட்டியில் முதலிடம் வந்த பிறகு, “எங்க வூட்டுப் பக்கம் எல்லாருக்குமே கை நல்ல பலம்” என்கிறாள்.

வசந்தத்தில் ஒரே வாரத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஒன்று, நகரத்தின் இளம் விளையாட்டு வீரர்களை மேயர் கௌரவிக்கிறார், கயல் வர வேண்டும் என்ற அழைப்பு. இன்னொன்று கூண்டின் மீது மாட்டியிருந்த பலகை. ‘இந்த அமைப்பு அகற்றப்படும். இவ்விடத்தில் நாய்கள் கட்டின்றி ஓடி விளையாடும் திடல் அமைய உள்ளது.’ பக்கத்தில் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருக்கும் படம்.

இன்னொரு கூண்டு நகரத்தின் மறுகோடியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரயில், பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தாலும் அங்கே படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

கயல் பலகையைப் படித்துவிட்டு வந்து, “பரவால்லப்பா. எப்படியும் ஸ்கூல் முடியப்போகுது. விட்டுடறேன்” என்றாள். அன்று இரவு இரண்டாவது தோசை கேட்கவில்லை. குண்டு எறிகிற பெண் ஒரு தோசையோடு எழுந்து போனால், அந்த வீட்டில் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

3

மறுநாளே மாநகராட்சிக்கு ஃபோன் போட்டேன். பூங்காவுக்கு ஒன்றை அழுத்து, மரத்துக்கு இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரம் சொல்லிக்கொண்டே போனது. எதை அழுத்தினேனோ, கடைசியில் மனிதக் குரல் வந்தது. பரபரப்பில் ‘நாய்’ என்ற சொல்லை முதலில் சொல்லிவிட்டேன். உடனே வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

“நாய் என்ன இனம் ஐயா?” என்றார் அங்கிருந்த பெண்மணி.

“என்னிடம் நாய் இல்லை. நாயால்தான் பிரச்சினை.”

“கடித்துவிட்டதா?”

“இல்லை, அது இன்னும் வரவில்லை.”

“ஓ, காணாமல் போய்விட்டதா?”

“இனிமேல்தான் வரப்போகிறது அம்மா. வந்தால் என் மகள் குண்டு எறிய முடியாது.”

 அவர் மிகவும் நிதானமாக, “ஐயா, உங்கள் மகள் எந்த நாய் மீதும் எதையும் எறிய வேண்டாம்” என்றார். புகார் எண் கொடுத்தார். அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது: தங்கள் நாய் தொடர்பான புகார் முடித்துவைக்கப்பட்டது, தங்கள் பொறுமைக்கு நன்றி.

எங்கள் ஊர்ப் பக்கம் மனு கொடுக்கப் போனால், வாங்குகிறவர் ஒரு தடவையாவது நம் முகத்தைப் பார்ப்பார். வேலை நடக்காது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இங்கே நடக்காது என்பதை ஐந்தாறு துறைகள் கூடி, மரியாதையாக, தவணை முறையில் சொல்கின்றன.

அப்போதுதான் மேயரின் அழைப்பை மறுபடி படித்தேன். கீழே ஒரு வரி இருந்தது. பாராட்டு முடிந்ததும் நகரப் பிரச்சினைகள் குறித்துப் பொதுமக்கள் கேட்கும் கேள்விகளுக்கு மேயர் பதிலளிப்பார். ஆளுக்கு ஒரு நிமிடம்.

என் கண் மின்னியதைக் கயல் பார்த்துவிட்டாள். “அப்பா, நோ. ஸ்பீச்செல்லாம் வேண்டாம்.”

“ஸ்பீச் இல்லம்மா. ஒரே ஒரு கேள்வி.”

“உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“கூண்டு வேணுமா வேண்டாமா?”

 நிபந்தனை போட்டாள். “சரி, கேளுங்க. ஆனா தனியா உட்காருங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க.”

அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வந்தது. “நானுந்தாங்க. எனக்கும் தனி சீட்டு.”

4

என் பேச்சைப் பற்றி வீட்டில் இவ்வளவு பயம் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஏரியூர் கபடிப் போட்டிக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர்ப் போட்டியில் ஆட்டக்காரன் கால் உடைந்தால் அது சின்ன விஷயம். மைக்கில் ஒரு பெயர் விட்டுப்போனால்தான் பெரிய விஷயம். ஒரு வருடம் வரவேற்புரை சொன்னவர் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர். தலைவர் அவர்களே, முன்னிலை அவர்களே, கோப்பை வழங்கியவர் அவர்களே, கோப்பைக்குப் பெயர் பொறித்தவர் அவர்களே என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் கொடுத்த ரைஸ்மில்காரர் பச்சையப்பன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். பச்சையப்பன் எழுந்து போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஜெயிக்கிற புள்ளியை எடுக்கக் கோட்டைத் தாண்டிப் போன ஆள், இருட்டில் திசை தப்பி, தன் கட்சிக்காரனையே கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

“பச்சையப்பண்ணே, வுடுங்கண்ணே, புள்ளைங்க வெளையாடுதுங்க!” என்று மாதையன் கத்தினான்.

“எந்தப் பச்சையப்பன்? அப்படி ஒருத்தன் இங்க இருக்கறதா மைக்குல யாரும் சொல்லலியே?” என்றது இருட்டு.

அடுத்த வருடத்திலிருந்து வரவேற்புரை என்னிடம் வந்தது. நான் யாரையும் விட்டதில்லை. தண்ணீர்க் குடம் வைத்தவர், கோடு கிழித்தவர், கிழித்த கோட்டுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவர், எல்லோரும் ‘அவர்களே’தான். என் காலத்தில் விளக்கு அணைந்ததே கிடையாது. ஆட்டம் தொடங்கத்தான் கொஞ்சம் நேரமாகும். ஒரு தடவை பரிசு வாங்க வந்திருந்த ஓட்டப்பந்தயப் பெண் மேடையிலேயே தூங்கிவிட்டாள். அவள் போர்த்திக்கொண்டு தூங்கியது பாராட்டுக்குப் போட்ட பொன்னாடையைத்தான். அந்த வகையில் அதுவும் பயன்பட்டது.

5

விழா ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேயர் வந்தார். கூட யாரும் ஓடி வரவில்லை, பட்டாசு இல்லை. தன் கோட்டைத் தானே கழற்றித் தானே மாட்டினார். முதலில் இவர்தான் மேயரா என்றே சந்தேகப்பட்டேன்.

வீரர்களுக்குப் பதக்கம் போட்டார். எல்லோரும் சேர்ந்து கடைசியில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பதக்கம் வாங்க முதலில் நீச்சல் பையன்கள் போனார்கள், பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணி, அப்புறம் கயல். “நம் நகரம் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறது. தொடர்ந்து எறி” என்று மேயர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கயல் சிரித்தாள். எதை எங்கே நின்று எறிவது என்று அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் அவள் என்னைப் போல் இல்லை. இடம் பொருள் பார்ப்பவள்.

பிறகு கேள்வி நேரம். நடுவில் ஒரு மைக், பக்கத்தில் சின்ன விளக்குக் கம்பம். பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் எரிந்தால் முடி, சிவப்பு எரிந்தால் மைக் நின்றுவிடும். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பனி அள்ளும் வண்டி தெருப் பனியையெல்லாம் தன் வாசலில் மட்டும் குவித்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அடுத்த பெண்மணி தன் தெருப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடியதாகச் சொன்னார். மேயர் எல்லோருக்கும் கனிவாகப் பதில் சொன்னார். பனியும் போகாது, பள்ளமும் மூடாது. ஆனால் கேட்டவர்கள் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தார்கள். இவரை ஏரியூரில் நிறுத்தினால் மற்றவர்களுக்கு டெபாசிட்டே கிடைக்காது.

என் முறை. பச்சை எரிந்தது.

கேள்வி என் மனத்தில் தயாராகத்தான் இருந்தது. ‘பதக்கம் கொடுக்கிற கையால் கூண்டை எடுக்கலாமா?’ ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் மைக்கைப் பிடித்ததும் கைக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

“மாண்புமிகு மேயர் அவர்களே” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பக்கத்தில் எங்கள் வட்டார கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். அவரை விட முடியுமா? கவுன்சிலர் அவர்களே. நிகழ்ச்சியை நடத்துகிற அம்மையார் அவர்களே. கயலின் பயிற்சியாளர் அவர்களே. பதக்கம் பெற்ற வீரர்களே, அவர்களைப் பெற்றவர்களே. கூடத்தின் மேலாளர் அவர்களே. ஓரத்தில் காபிப் பாத்திரத்தோடு ஒரு மூதாட்டி நின்றார், மனசு கேட்கவில்லை. காபி வழங்கும் அன்னையே.

மஞ்சள் எரிந்தது. எங்கள் ஊரில் பேச்சாளருக்கு ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று துண்டுச் சீட்டு வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ‘நேரமின்மை காரணமாக’ என்று தொடங்கி இன்னும் அரை மணி பேசுவதுதான் வழக்கம். மஞ்சள் விளக்கை மடித்துப் பையில் போட முடியவில்லை. “ஒலிபெருக்கியை இயக்கும் சகோதரர் அவர்களே” என்றேன். சிவப்பு எரிந்தது. மைக் செத்தது.

ஊரில் மைக் செத்தால் குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினேன். “இறுதியாக, இந்த நாற்காலிகளைப் போட்ட…”

தோளில் ஒரு கை விழுந்தது. மென்மையான, ஆனால் பெரிய கை. மேயர் முன்னால் சாய்ந்து, “மிக்க நன்றி ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். இந்த மாதத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை” என்றார். மண்டபம் சிரித்தது, கைதட்டியது. நான் கயலைத் தேடினேன். குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

மறுபடி வரிசையில் நிற்கப் போனேன். ஆளுக்கு ஒரு தடவைதான் என்றார்கள். தனியாக உட்கார்ந்திருந்த செல்வியிடம் ஓடினேன். “நீயாவது போய்க் கேளு.”

“நீங்க யாருங்க?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு எழுந்தாள். அதற்குள் நேரம் முடிந்தது, கேள்விகள் போதும் என்று அந்த அம்மையார் அறிவித்துவிட்டார்.

என் நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்காகக் கிடைத்தது ஒரு நிமிடம். அதில் காபிக்கு இடம் இருந்தது, நாற்காலிக்கு இடம் இருந்தது. அவளுக்குத்தான் இடம் இல்லை.

6

கடைசியில் படம். வீரர்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் மேயரை நிறுத்தினார்கள். கயல் உயரம் என்பதால் அவருக்குப் பக்கத்தில் வந்தாள். படம் எடுப்பவர் “சிரியுங்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேயர் மட்டும் கயல் பக்கம் லேசாகத் திரும்பி என்னவோ கேட்டார். கேட்டுக்கொண்டே கையால் நான் இருந்த திசையைக் காட்டினார்.

கயல் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் பேச ஆரம்பித்தாள்.

“இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன், மேயர், இங்கே பாருங்கள்” என்றார் படக்காரர். மேயர் பார்க்கவில்லை. “இன்னொன்று” என்றார். கயல் பேசிக்கொண்டே இருந்தாள். மேயரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவர் விரலைக் காட்டி கவுன்சிலரைக் கூப்பிட்டார். வேறு இடமென்றால் நகர்ந்துபோயிருக்கலாம். மேயரோ, இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கி நிற்க, வரிசை நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவர்களின் முகம் எனக்குத் தொழில் முறையில் பழக்கம்.

“என்னாங்க பேசறா அவ?” என்றாள் செல்வி.

“எங்கப்பாவுக்கு மூளை சரியில்ல, மன்னிச்சிடுங்கன்னு சொல்றா” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

காரில் ஏறியதும் செல்விதான் பொறுக்க முடியாமல் கேட்டாள். “மேயரு என்னாடி கேட்டாரு?”

“எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னாரே, அந்த ஜென்டில்மேன் யாருன்னு தெரியுமான்னு கேட்டாரு.”

நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். “நீ என்ன சொன்ன?”

“எங்கப்பான்னேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவர் இன்னும் கேள்விக்கே வரல, நான் கேக்கட்டுமான்னேன்.”

கூண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அதைக் கழற்றிவிட்டால் எங்கே நின்று எறிவது என்று கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் நாய்கள் எங்கே போகும் என்று மேயர் கேட்டாராம். பூங்காவின் கார் நிறுத்தும் பக்கம் யாரும் ஆடாத டென்னிஸ் மைதானம் ஒன்று வேலியோடு சும்மா கிடக்கிறது, நாய்களுக்கு அதுதான் வசதி என்று இவள் சொல்லியிருக்கிறாள். கவுன்சிலருக்கு அப்படி ஒரு மைதானம் இருப்பதே தெரியவில்லையாம்.

செல்வி பின்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தாள். “எங்க வூட்டுப் பக்கம் எல்லாருக்கும் வாயும் பலம்” என்றாள்.

7

வட்டாரப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. வரிசை முழுவதும் பல் தெரியச் சிரிக்க, நடுவில் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதையனுக்கு அனுப்பினேன். “மச்சான், மேயரு ஏன் அடி வாங்கன மாதிரி நிக்கறாரு?” என்று கேட்டான்.

அதற்கப்புறம் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் பூங்காவில் இரண்டு ஆட்கள் வந்து, சிரிக்கிற நாயின் பலகையைக் கூண்டிலிருந்து கழற்றி, டென்னிஸ் மைதானத்தின் வேலியில் மாட்டினார்கள். கூண்டு இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி பரிசீலிப்போம் என்று மாநகராட்சியிலிருந்து எழுதியிருந்தார்கள். மாநகராட்சி மொழியில் அது பெரிய வாக்குறுதி. கயலுக்குக் கூண்டு நின்றால் போதும். அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பயிற்சிக்கு நானும் போனேன். டென்னிஸ் மைதானத்தில் நாய்கள் ஓட ஆரம்பித்திருந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தனியாக உட்காரச் சொன்னவள், அத்தனை பேர் நடுவில் எதற்காக ‘எங்கப்பா’ என்று சொன்னாள் என்பது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. கயல் குண்டைத் துடைத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனாள். நான் வலையருகே போனேன்.

“கயல், ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேள்வியா, ஸ்பீச்சா?”

“கேள்விதான்.”

“அப்பறம்ப்பா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” பக்கத்தில் நின்றவர்களிடம் ஆங்கிலத்தில், “எங்கப்பா. பயப்படாதீங்க, தள்ளிப் போயிடுவார்” என்றாள்.

தள்ளிப் போனேன். அவள் காலை ஊன்றி, குண்டைத் தலைக்கு மேல் சுழற்றத் தொடங்கினாள். கம்பி காற்றை அறுக்கிற ஓசை கேட்டது. குண்டு சுழல ஆரம்பித்துவிட்டால் வலைக்கு வெளியே இருக்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே விதி. நாய்கள்கூட அந்த நேரத்தில் குரைக்கவில்லை.

நானும் பேசவில்லை.